எஸ்தார்

முதல் நாள் பலகையில் அவள் எழுதிய சொல்
பாண்.
ஒருவரும் அர்த்தம் கேட்கவில்லை.
மேசை அங்கேயும் மேசைதான்,
குசினிக்குக் கொஞ்சம் நாக்கை மடித்தால் போதும்,
சப்பாத்து, சப்பாத்தோ.
இவ்வளவுதானா என்று
சிஸ்டர் ஜொவிற்றா கொப்பியை மூடிவிட்டாள்.

தாண்டவன்வெளி மடத்து மேல்மாடி.
மாணவர் நான்கு பேர்,
எல்லாரும் நாற்பதைத் தாண்டியவர்கள்.
ஆசிரியை மரிசோலுக்கு இருபத்தாறு,
பொலிவியாவில் பிறந்தவள்,
வந்து மூன்று மாதத்தில் அவள் பிடித்த தமிழ்
ஒரேயொரு சொல், மறுகா.
மாஞானா என்றால் நாளை என்று சொல்லிவிட்டு
தானே சிரித்து,
மறுகா, மறுகா என்பாள்.

நாங்கள் போகவேண்டிய நாட்டில் கடலே இல்லையாம்.
அதைக் கேட்ட நாளிலிருந்து
பின்னேரங்களில் கல்லடிப் பாலத்தில் நடந்துபோய்
ஒன்றும் செய்யாமல் நின்றுவிட்டு வருகிறேன்.

ப்ளோறா அண்ட்றாடோ வீட்டில்
இன்னும் பறங்கிப் பாஷை பேசுகிறார்கள்.
அதனால் வகுப்பில் அவளுக்குத்தான் பிழை அதிகம்.
சாவிக்கு யாவே என்றபோது
பாதர் கபிரியேல்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார்,
ஆண்டவரின் பெயரைச் சொல்லியா
அலுமாரி திறக்கிறார்கள் என்று.
அவரே மறுநாள்,
களைப்பு, ஆனால் வருகிறேன் என்று சொல்ல எழும்பி
களைப்பு, நாய் வருகிறேன் என்றார்.
ஒரு றகரம் கூடிப்போனது, அவ்வளவுதான்.

ஏழாம் கிழமை.
மின்சாரம் இல்லை, யன்னல் இரண்டும் திறந்திருந்தன.
எங்களிடம் ஒன்றாக உள்ள 'இரு'வை
அவர்கள் இரண்டாகப் பிளந்து வைத்திருக்கிறார்கள்.
சேர், எஸ்தார்.
சேர் என்றால் எனக்கு மாரிகாலத்து ஒழுங்கை.
எஸ்தார் என்றால் என் மச்சாள்,
பொனிப்பாஸ் அண்ணனின் பெண்சாதி எஸ்தர்.

பெயர், ஊர், உயரம்: சேர்.
காய்ச்சல், மழை, கோபம்,
எங்கே நிற்கிறாய் என்பது: எஸ்தார்.
மாறாததற்கு அது, மாறுவதற்கு இது.
கல்யாணம்? என்றாள் ப்ளோறா.
எஸ்தாரும் வரும்.
சிஸ்டர்மார் மூவரும் சத்தம்போட்டுச் சிரித்தோம்.
அந்தச் சிரிப்பு அடங்கமுதல்
நான் கேட்டுவிட்டேன்,
செத்தவருக்கு?

எஸ்தார்.

அது மாறுமா, என்றேன்.
பாதர் தொண்டையைச் செருமினார்,
உயிர்ப்பு ஞாயிறைப் பற்றி ஏதோ தொடங்கினார்.
இல்லை பாதர், என்றாள் மரிசோல்,
இலக்கணம். வேறொன்றும் இல்லை.

தொண்ணூறாம் ஆண்டு, ஆவணி,
காலை ஆறரைக்குச் சந்திக் கடைக்குப் போனவர் அண்ணன்.
மச்சாளிடம் இப்போது பதினொரு படிவம் இருக்கிறது,
மூன்று மொழியில்.
ஒவ்வொன்றிலும் இரண்டு பெட்டி,
ஒன்றில் சரி போடச் சொல்லி.
பேனையைத் திறப்பாள், மூடுவாள்,
மகனுக்குச் சோறு போடவேணும் என்று எழும்பிவிடுவாள்.
மகனுக்கு முப்பத்துமூன்று வயது.

அவளுக்கு ஃபோன் எடுத்துச் சொல்ல நினைத்தேன்:
மச்சாள், ஒரு பாஷை இருக்கிறது.
அதில் எங்கே என்று கேட்டாலும்
இல்லை என்று சொன்னாலும்
வினை ஒன்றுதான்.
அந்த வினை, ஓர் எழுத்துக் கூட, உன் பெயர்.
எடுக்கவில்லை.
எடுத்தால், சாப்பிட்டியா என்று கேட்பாள்,
நான் என்ன குழம்பு என்று கேட்பேன்.

வீட்டுவேலை: குடும்பத்தைப் பற்றி ஐந்து வசனம்.
நான்கு எழுதினேன், பிழையில்லை.
ஐந்தாவது,
என் அண்ணன் எஸ்தா,
பிறகு இடைவெளி.

மரிசோல் சிவப்புப் பேனையால்
அந்த வெற்றிடத்தைச் சுற்றி வட்டம் போட்டாள்.
வசனம் முடியவில்லை என்று ஓரத்தில் எழுதி
அரைப் புள்ளி தந்தாள்.
கொப்பியைத் திருப்பித் தரும்போது
முகத்தைப் பார்த்துக் கேட்டாள்,
மறுகா?

மறுகா, என்றேன்.